பம்ப்காரரின் சுதந்திர நாள்

தொழிலாளர் நாளன்று நாட்டில் எல்லோருக்கும் விடுமுறை, தொழிலாளியைத் தவிர. இதைப் பம்ப்காரர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே கண்டுகொண்டார். அன்றைக்கு வங்கி மேலாளர் வீட்டில் இருந்தார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வீட்டில் இருந்தார். தொழிலாளர் நலத்துறை அதிகாரியும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டில்தான் இருந்தார். இருபத்திரண்டு வயதுப் பம்ப்காரர் மட்டும் நீரேற்று நிலையத்தில், காதைப் பிளக்கும் சத்தத்தில், இரண்டு பெரிய மோட்டார்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உழைப்பாளிகளின் பெருமையைப் பற்றி வானொலியில் யாரோ ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. மோட்டார் ஓடும்போது வானொலியில் தலைவரின் உரையும் ஒன்றுதான், உருளைக்கிழங்கு விலையும் ஒன்றுதான்.

அது ஆயிற்று இருபத்தாறு வருடம். அதற்குப் பிறகு எத்தனையோ சுதந்திர நாள், அரசியல் சாசன நாள், கொடி நாள், வீரர்கள் நினைவு நாள் வந்து போயின. ஒன்றில்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. ஆரம்பத்தில், ஆட்களிலேயே இளையவர் என்பதால் விடுமுறை நாள் டியூட்டியை அவர் தலையில் கட்டினார்கள். அப்புறம் கல்யாணம் ஆகாதவர், வீட்டில் யார் தேடப்போகிறார்கள் என்று கட்டினார்கள். கல்யாணமும் ஆன பிறகு, அவருக்குத்தான் பழகிவிட்டதே என்று கட்டினார்கள். இன்னொரு ஆப்பரேட்டர் இருந்தார். பார்க்கிறவரையெல்லாம் மச்சான் என்று கூப்பிட்டு, கடைசியில் ஊரே அவரை மச்சான் என்று கூப்பிடும்படி ஆனவர். ஒவ்வொரு தேசிய விடுமுறைக்கு முந்தின நாளும் அந்த மச்சானுக்குத் தவறாமல் முதுகு பிடித்துக்கொள்ளும். டாக்டர்களே வியக்கும் அளவுக்கு நாட்டுப்பற்று மிக்க முதுகு.

நாடு தன் பெருநாட்களை எப்படிக் கொண்டாடுகிறது என்று தெரிய வேண்டுமானால் செய்தித்தாளைப் படிக்கக் கூடாது, பம்ப்காரரைக் கேட்க வேண்டும். அவர் முன்னால் சுவரில், குழாயில் தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் ஒரு வட்டமான கேஜ் இருந்தது. அதன் முள் மேலே நின்றால் ஊர் குழாயை மூடி வைத்திருக்கிறது, கீழே இறங்கினால் திறந்திருக்கிறது. அவ்வளவுதான் சாத்திரம். சாதாரண நாளில் முள் காலை ஐந்தரைக்கே இறங்கத் தொடங்கிவிடும். சுதந்திர நாளன்று ஒன்பது மணி வரை அசையாது. கொடியேற்றத்துக்கு மக்கள் திரண்டார்கள் என்று மறுநாள் பேப்பரில் வரும். ஒன்பதே காலுக்கு முள் சரிந்து தரையைத் தொடப் பார்க்கும். அப்போதுதான் மொத்த ஊரும் எழுந்து கழிவறைக்குப் போகிறது என்று பம்ப்காரருக்குத் தெரியும்.

நாட்டின் தலைவர் தொலைக்காட்சியில் பேசுகிற நாளில் இன்னும் வேடிக்கை. பேச்சு தொடங்கி மூன்றாவது நிமிடம் முள் சடாரென்று இறங்கும். ஊரில் பாதிப் பேர் குளிக்கப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். மீதிப் பாதி துணி துவைக்கிறது. முப்பது நிமிடம் பேசினால் முப்பது நிமிடமும் முள் கீழேயே கிடக்கும். பேச்சு முடிந்து சினிமா போட்டதும் மளமளவென்று ஏறிவிடும். தலைவர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, முள் மட்டும் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை. விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்துவிட்டாலோ ஊருக்கே முகம் தொங்கிப்போகும். சுதந்திரமே பறிபோய்விட்டதுபோல் அலுவலகம் அலுவலகமாகத் துக்கம் விசாரித்துக்கொள்வார்கள்.

பம்ப்காரரின் கல்யாணமும் ஒரு சுதந்திர நாளில்தான் நடந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு லீவு என்று பெண் வீட்டார் பார்த்துப் பார்த்துக் குறித்த தேதி. மாப்பிள்ளைக்கு லீவு உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. பகல் இரண்டு மணி ஷிப்டுக்குக் கல்யாணச் சட்டையோடேயே போனார். சட்டையில் கிரீஸ் பட்டது. அதை எடுக்கத் தெரியாமல் அழுத புதுப்பெண் பிறகு தையல் மெஷின் வாங்கிப் போட்டு ஊருக்கே சட்டை தைக்கிறவள் ஆனாள். அவளுக்கும் தேசிய விடுமுறை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அணிவகுப்புக்குப் போகும் எண்பது பிள்ளைகளின் சீருடையும் முந்தின வாரம் அவள் மெஷின் மேல் மலையாகக் குவிந்து கிடக்கும். பேன்ட்டுக்கு மடிப்பு, பாவாடைக்கு நாடா, சட்டைக்கு விட்டுப்போன பொத்தான்.

"சுதந்திரம் வாங்கினவங்க கொஞ்சம் நிதானமா வாங்கியிருக்கலாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல தைக்கச் சொல்றாங்க" என்பாள், வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு.

இவர்களுக்கு ஒரே மகள். பள்ளி இறுதியாண்டு. பள்ளிக்கூட பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறாள். ஆள் ஒல்லி, டிரம் பெருசு. தூரத்திலிருந்து பார்த்தால் டிரம்முக்குக் கால் முளைத்து நடந்து வருகிற மாதிரி இருக்கும் என்று அம்மா சொல்லுவாள். அம்மாதான் சொல்ல முடியும், ஏனென்றால் அம்மாதான் பார்த்திருக்கிறாள். ஐந்து வருடமாக மைதானத்தில் மகள் அடிக்கிறாள். ஐந்து வருடமாக அப்பா மோட்டார்களுக்கு நடுவே முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தச் சுதந்திர நாளோடு பள்ளிக்கூட அணிவகுப்பு முடிந்தது. அடுத்த வருடம் அவள் கல்லூரிக்குப் போய்விடுவாள். டிரம் வேறு ஏதோ ஒல்லிப் பிள்ளையின் கழுத்தில் ஏறும்.

இந்தத் தடவை விடக் கூடாது என்று பம்ப்காரர் இரண்டு மாதத்துக்கு முன்பே லீவு எழுதிக் கொடுத்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தேசிய விடுமுறை. பழைய இன்ஜினியர் ஓய்வு பெறுகிற வாரத்தில், யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிற மனநிலையில் இருந்தார். போட்டுவிட்டார். மச்சானிடம் பம்ப்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

"உன் முதுகை இந்தத் தடவை பத்திரமா வெச்சுக்க. நான் இல்ல."

"முதுகு நம்ம கையிலயா மச்சான் இருக்கு?" என்றார் மச்சான்.

பிறகு புது இன்ஜினியர் வந்தார். இளம் வயது, மடிப்புக் கலையாத சட்டை, எதையாவது செய்து காட்டிவிட வேண்டும் என்று துடிக்கிற கை. அப்படிப்பட்ட கைகளால் நாட்டுக்கு நேர்ந்த சேதம் கொஞ்சமா? சுதந்திர நாளுக்கு மூன்று நாள் முன்பு எல்லாத் துறை அதிகாரிகளுக்கும் ஒரு கூட்டம் நடந்தது. அணிவகுப்புக்கு முன் சரியாகப் பத்து மணிக்கு, உயிர்நீத்த வீரர்களுக்காக ஊரே இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் வழக்கம் உண்டு. அந்த இரண்டு நிமிடமும் பேருந்துகள் ஓடாது என்று போக்குவரத்துத் துறை எழுந்து சொல்லிவிட்டது. ரயிலையே நிறுத்துகிறோம் என்றார் ரயில் நிலையக்காரர். அந்த நேரத்தில் அந்த ஊருக்கு ரயிலே கிடையாது என்பது வேறு விஷயம். புது இன்ஜினியருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. எழுந்து, நீர்வழங்கல் துறையின் மோட்டார்களும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் என்று அறிவித்தார். கைதட்டல் கிடைத்தது. அந்தக் கைதட்டலோடு பம்ப்காரரின் லீவு போயிற்று.

மறுநாள் இன்ஜினியர் நேரில் வந்து உத்தரவைக் கொடுத்தார். பம்ப்காரர் மோட்டார் சத்தத்தை மீறிக் கத்திப் பேசிப் பழகியவர். அலுவலக அறையிலும் அதே கத்தல்தான்.

"சார், இது வீட்டு மிக்ஸி இல்ல, பட்டுனு நிறுத்திப் பட்டுனு போட. முதல்ல டெலிவரி வால்வை மெதுவா மூடணும். கையால சுத்தணும், அறுபத்துநாலு சுத்து. அதுக்கே கால் மணி நேரம். அப்புறம் ஒவ்வொரு மோட்டாரா நிறுத்தணும். திரும்பப் போட்டு, காத்தை வெளியேத்தி, வால்வைத் திறந்து, லைன் சரியாகறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டா தண்ணி திரும்பி அடிக்கும். சந்தைக்கு அடியில போற பழைய குழாய் தாங்காது. ஒரு தடவை கரண்ட் போயி அப்படித்தான் வெடிச்சுது. மூணு நாள் சந்தையில முழங்கால் தண்ணி."

"அதனாலதான் அனுபவசாலியான நீங்க அன்னைக்கு இருக்கணும்னு சொல்றேன்" என்றார் இன்ஜினியர், பெரிய பட்டம் கொடுப்பதுபோல. "மச்சானை நம்பி விட முடியுமா? உங்க லீவை ரத்து பண்ணிட்டேன்."

"சார், என் பொண்ணு டிரம் அடிக்குது. இதான் கடைசி வருஷம்."

"நாட்டுக்காக ரெண்டு நிமிஷம் குடுக்க மாட்டீங்களா?"

இருபத்தாறு வருடமாகக் கொடுத்ததெல்லாம் யாருக்கு என்று பம்ப்காரர் கேட்டிருக்கலாம். நல்ல கேள்விகள் எல்லாம் மனிதனுக்கு வீட்டுக்குப் போகிற வழியில்தான் தோன்றுகின்றன. அவருக்கும் சைக்கிளை மிதித்துக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. தெருமுனையில் நிறுத்தி, அங்கே இல்லாத இன்ஜினியரிடம் அதைக் கேட்டார். பக்கத்தில் நின்ற நாய் நகர்ந்து போய்விட்டது.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து டிரம்மின் வாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லீவு ரத்தாகிவிட்ட விஷயத்தை அவர் அறைக்குள் நுழைகிறபோதே கத்திச் சொல்லிவிட்டார். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தார், தொண்டை கேட்கவில்லை. மனைவி மெஷினை நிறுத்தினாள். மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பரவால்லப்பா" என்றாள். "நீங்க வர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பார். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். இது, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல் சும்மா சொன்ன வார்த்தை. மகள் தன்னை எதிர்பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள் என்பது அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"என்ன பண்ணப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"என்ன பண்ண முடியும்?"

"அதைத்தான் இருபத்தாறு வருஷமா சொல்றீங்க. வேற ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மெஷினை மிதித்தாள்.

மறுநாள் முழுக்க யோசித்துப் பார்த்ததில் அவருக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. மோட்டாரை நிறுத்தினால்தானே ஆபத்து? நிறுத்தாவிட்டால் ஒன்றுமே இல்லை. மச்சான் எதையும் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா உட்காருவதில் மச்சானை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இன்ஜினியர் மைதானத்தில் இருப்பார். பம்ப் ஹவுஸ் சத்தம் அங்கே கேட்காது. பதிவேட்டில் பத்து மணிக்கு நிறுத்தினேன், பத்து இரண்டுக்குப் போட்டேன் என்று எழுதிவிட்டால் ஆயிற்று. அந்தப் பதிவேட்டை இத்தனை வருடத்தில் கரையான் ஒன்றுதான் ஆர்வமாகப் புரட்டியிருக்கிறது.

சுதந்திர நாள் காலையில் மச்சானின் வீட்டுக்கே போய் ஆளைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்தார். முதுகு பற்றிய பேச்சை எடுக்கவே விடவில்லை.

"ஸ்டூல்ல உட்காரு. ஓடுறது ஓடட்டும். எதையும் தொடாதே. யாரு போன் பண்ணினாலும் எடுக்காதே."

"பத்து மணிக்கு நிறுத்தணும்னு ஆர்டர் இருக்கே மச்சான்?"

"நான் வந்து நிறுத்திக்கிறேன்" என்றார் பம்ப்காரர். பொய்தான். நாட்டின் பிறந்தநாளில் இதைவிடப் பெரிய பொய்களை மைக்கில் சொல்லுகிறார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகச் சுதந்திர நாளைக் கண்ணால் பார்த்தார். முதலில் அவருக்குப் பட்டது, கூட்டம் ரொம்பக் குறைவு. வந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கால்வாசிப் பேர் வராவிட்டால் கேள்வி வரும் என்று வந்த அலுவலர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு மரத்தடி தேடிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் ஐஸ் விற்பவர்கள். முன்வரிசை நாற்காலியில் தலைமை விருந்தினர் உட்கார்ந்திருந்தார். முன்னாள் ஏதோ, இந்நாள் ஏதோ. எழுபது வயதிருக்கும். எதிரே வைத்த மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கயிற்றுக்குப் பின்னால் மனைவி நின்றிருந்தாள். இவரைப் பார்த்ததும் அவள் கண் ஒரு கணம் விரிந்தது. நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். இருபது வருடக் குடித்தனத்தில் அதற்குமேல் என்ன பேச்சு? பம்ப்காரர் போய் நின்றார். அப்போதுதான் மேடைக்குப் பக்கத்தில் அதைக் கண்டார்.

ஒரு குழாய். மைதானத்து மூலையில் இருந்த குழாயிலிருந்து கிளை இழுத்து மேடை அருகே கொண்டுவந்து, தேசியக் கொடி நிறத்தில் ரிப்பன் சுற்றி, அடியில் ஒரு பெரிய வாளி வைத்திருந்தார்கள். குழாய் முழுசாகத் திறந்திருந்தது. தண்ணீர் வாளியில் கொட்டி, வழிந்து, சிமெண்ட் கால்வாயில் ஓடியது. பக்கத்தில் புது இன்ஜினியர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மேடான இடம். மேல்நிலைத் தொட்டி கிடையாது, நேர் லைன். மோட்டார் ஓடினால் குழாயில் தண்ணீர், நின்றால் காற்று. மனிதர் என்ன திட்டம் போட்டிருக்கிறார் என்று பம்ப்காரருக்குப் புரிந்துபோயிற்று.

மைக்கில் அறிவிப்பாளர் அதையே சொன்னார். "இன்னும் சில நிமிடங்களில் நம் வீரர்களுக்காக மௌனம் காக்க இருக்கிறோம். நமது நீர்வழங்கல் துறையின் மோட்டார்களும் நம்மோடு மௌனம் காக்கும். சரியாகப் பத்து மணிக்கு மேடை அருகே உள்ள குழாய் தானாக நிற்பதை அனைவரும் காணலாம்."

பம்ப்காரர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். மச்சானைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம். எடுக்காதே என்று சொல்லியிருந்தாலும் எடுப்பார், சொன்னதைக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழி சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் சந்தைக் குழாய் வெடிக்கும். அமுக்காவிட்டால் தன் வேலைக்கு வெடி. மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. விரல் எண்களின் மேல் நின்றது. அந்த நேரத்தில் மைதானத்தின் எதிர்ப்பக்கம் பேண்ட் வந்து வரிசையில் நின்றது. நடுவில் டிரம்மும் அதற்குப் பின்னால் ஒரு தலையும் தெரிந்தன. மகள். நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள், கூட்டத்தில் யாரையும் தேடவில்லை. பம்ப்காரர் போனைப் பாக்கெட்டில் போட்டார். ஆனது ஆகட்டும் என்று அவர் வாழ்க்கையில் நினைத்தது அதுதான் முதல் தடவை.

சைரன் ஊதியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மைதானம் அடங்கியது.

குழாய் அடங்கவில்லை.

சாதாரண நாளில் அந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மைதானத்தில், மைக்குக்குப் பத்தடி தூரத்தில் ஒரு குழாய் வாளிக்குள் கொட்டினால் அது அருவி. சுற்றிலும் கட்டியிருந்த எட்டு ஒலிபெருக்கிகளும் அந்தச் சத்தத்தை வாங்கி மைதானம் முழுக்கக் கொட்டின. இன்ஜினியர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். பிறகு காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டிக் குழாயை மூடப் பார்த்தார், எட்டவில்லை. மௌனத்தில் நடக்கக் கூடாது. நடந்தால் அடுத்த நாள் பேப்பரில் படம் வரும். தவித்துப்போய்க் கண்ணை உருட்டியவர், கயிற்றுக்குப் பின்னால் பம்ப்காரரைக் கண்டார்.

இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்ஜினியரின் முகம் சிவந்தது, கறுத்தது, உதடு துடித்தது. தொண்டை வரை வந்த வசவை எல்லாம் தேசத்தின் பெயரால் விழுங்கிக்கொண்டு நின்றார். பம்ப்காரர் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். மௌன நேரத்தில் தலை குனிவதை யாரும் குற்றம் சொல்ல முடியாதே.

தண்ணீர்ச் சத்தம் மெல்ல மெல்லத் தன் வேலையைக் காட்டியது. முதலில் பிள்ளைகள் வரிசையில் ஒன்று தொடைகளை நெருக்கி நின்றது. அப்புறம் இன்னொன்று. எங்கிருந்தோ ஒரு பொடிசு, "அம்மா, ஒண்ணுக்கு வருது" என்று தெளிவாகச் சொன்னது. தாய் வாயைப் பொத்தினாள். மூன்று டீ குடித்த தலைமை விருந்தினர் ஒரு காலை மறு காலில் சாய்த்தார், பிறகு அதை இதில் சாய்த்தார். வீரர்களை நினைத்து அவர் கண்ணில் நீர் தளும்பியதாக மறுநாள் எழுதினார்கள். நீர் தளும்பியது உண்மைதான், இடத்தைத்தான் தவறாக எழுதிவிட்டார்கள்.

மௌனத்தை முடித்து வைப்பது டிரம்மின் முதல் அடி. பேண்ட் டீச்சர் கோலை உயர்த்திச் சைகை காட்டினார். அடி விழவில்லை. மறுபடியும் காட்டினார், விழவில்லை. கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயைப் பார்த்த நேரத்தில் மகளும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள். அங்கிருந்து கண்ணை எடுக்கையில் கயிற்றருகே அப்பாவைப் பார்த்துவிட்டாள். கை அப்படியே மேலே நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு நிமிடம் மூன்றை நெருங்கியது. அவ்வளவு நீண்ட மௌனத்தை அந்த ஊர் எந்த வீரருக்கும் செலுத்தியதில்லை. தலைமை விருந்தினரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

பம்ப்காரர் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் கையை உயர்த்தி, காற்றில் ஓங்கி ஒரு அடி அடித்துக் காட்டினார். அடிம்மா.

அடித்தாள்.

மோட்டார்களுக்கு நடுவே வாழ்ந்த மனிதர், சத்தத்துக்கு அசைகிறவர் இல்லை. ஆனாலும் அந்த அடி நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒல்லிக் கைகள் ஓங்கி ஓங்கி விழுந்தன. பேண்ட் நகர்ந்தது, பின்னால் அவர் மனைவி மடித்துத் தைத்த எண்பது சீருடைகளும் நகர்ந்தன. பம்ப்காரர் அழுதார். மறைக்கவும் முயலவில்லை. சுதந்திர நாளில் அழுதால் நாட்டுப்பற்று என்று எடுத்துக்கொள்வார்கள், அது ஒரு வசதி. ஐந்து வருடத்தை இழந்திருக்கிறோமே என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நன்றாக அடிப்பாள் என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? மனைவி ஒவ்வொரு வருடமும் சொன்னது அப்போது நினைவுக்கு வந்து, அதற்கும் சேர்த்து அழுதார்.

அணிவகுப்பு முடிந்ததும் மரத்தடியில் பேண்ட் கலைந்துகொண்டிருந்தது. மனைவி தையல் கூலி பாக்கியை வாங்கப் போய்விட்டாள். பம்ப்காரர் தயங்கித் தயங்கி மகளிடம் போனார். அவள் இன்னும் டிரம்மைக் கழற்றவில்லை. அதற்குள் பேண்ட் டீச்சர் சிரித்த முகமாக வந்தார்.

"நீங்கதான் அப்பாவா? வாங்க, வாங்க. வெளிநாட்டுலேர்ந்து எப்ப வந்தீங்க?"

பம்ப்காரர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து வாரின் கொக்கியை அவிழ்க்க ஆரம்பித்தாள். கொக்கி அவிழவில்லை, அல்லது அவள் அவிழ்க்கவில்லை.

அவருக்கு எல்லாம் விளங்கியது. பரிசு கொடுக்கிற விழா, பெற்றோர் கூட்டம், விளையாட்டு நாள், ஐந்து அணிவகுப்புகள். எல்லாவற்றிலும் உன் அப்பா எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற அப்பா வராவிட்டால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை, கொஞ்சம் மரியாதைகூடக் கிடைக்கும். உள்ளூரிலேயே இருந்துகொண்டு வராத அப்பனுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் காரணம் தேட வேண்டும். பிள்ளை எத்தனை காரணத்தைத்தான் தேடும்? அவருக்கு மகள்மேல் துளியும் கோபம் வரவில்லை. தன்னை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"இன்னைக்குக் காலையிலதான் டீச்சர்" என்றார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"எத்தனை நாள் லீவு?"

"ஒரு நாள்தான்."

"ஐயோ, ஒரு நாளைக்காகவா அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்தீங்க! பொண்ணு குடுத்து வெச்சவ."

மகள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்ஜினியர் வந்து நின்றார். மூன்று நிமிடம் அடக்கி வைத்த அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"யோவ்! பம்ப் ஹவுஸ்ல இருக்க வேண்டிய ஆளு இங்க என்னய்யா பண்றே? யாரைக் கேட்டு வந்தே? ஊரே சிரிக்குது என்னைப் பார்த்து!"

டீச்சர் இன்ஜினியரைப் பார்த்தார், பம்ப்காரரைப் பார்த்தார், பிறகு மெதுவாக மகளைப் பார்த்தார். பம்ப்காரருக்கு உயிர் போயிற்று. வேலை போவதைப் பற்றி இல்லை. பிள்ளை ஐந்து வருடம் கட்டிக் காத்ததை ஒரு நிமிடத்தில் தான் வந்து உடைத்துவிட்டோமே என்றுதான். என்னை யாரோ என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா, வேறு ஏதாவது கதை விடலாமா என்று தவித்தார்.

மகள் டிரம்மோடேயே இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். இன்ஜினியர் ஓரடி பின்வாங்க வேண்டியதாயிற்று, அவ்வளவு பெரிய டிரம்.

"சார், இவர் எங்கப்பா. நான்தான் வரச் சொன்னேன்."

"உங்கப்பாவுக்கு நாளைக்கு மெமோ வரும், தெரியுமா?"

"குடுங்க சார்" என்றார் பம்ப்காரர்.

இன்ஜினியர் இன்னும் நிறையச் சொல்லியிருப்பார். ஆனால் விருந்தினரின் உதவியாளர் மூச்சு வாங்க ஓடி வந்து, பாத்ரூம் சாவி யாரிடம் இருக்கிறது, ஐயா நிற்கவே முடியாமல் நிற்கிறார் என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் கோலைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் போகவும் முடியவில்லை.

"அப்போ, அந்த வெளிநாடு..."

"வெளிநாடு இல்ல மிஸ்" என்றாள் மகள். அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர்."